லாசர் வீட்டு சிலிண்டர்

தோசைக்கல்லில் ஊற்றிய மாவு ஒரு பக்கம்கூட வேகவில்லை. அடுப்பு நீலமாக இரண்டு முறை துள்ளிவிட்டு அணைந்தது. சரோஜா கரண்டியும் கையுமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள், மிச்சமிருந்த கேஸை நான்தான் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல.

சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். வெற்று இரும்பு எப்படிக் கனக்குமோ அப்படிக் கனத்தது. அடுத்ததற்குப் பதிந்து வைத்திருந்தேன். வண்டி தட்டாஞ்சாவடிப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பதாகவும், எங்கள் முதலியார்பேட்டைக்கு வர நாளையாகும் என்றும் போனில் சொன்னார்கள்.

சரோஜா பின்வாசலுக்குப் போய் மதிலுக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். "தெரேசுக்கா, உங்க சிலிண்டர் ஓடுதா?"

பதில் தெரேசிடமிருந்து வரவில்லை. அவருடைய வீட்டுக்காரர் லாசரிடமிருந்து வந்தது. "ஓடுதும்மா. அது பாட்டுக்கு இன்னும் ஒரு மாசம் ஓடும்."

அது பாட்டுக்கு! எப்படிச் சொன்னார் பாருங்கள். அதற்காக அவர் எந்த முயற்சியும் எடுக்கவில்லையாம்.

இரண்டு வீட்டிலும் ஒரே வண்டியில் வந்திறங்கிய சிலிண்டரை ஒரே காலையில் மாட்டியிருந்தோம். அது தற்செயல். அன்றிலிருந்து என் ஒரு காது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது தற்செயல் அல்ல. எங்கள் வீட்டிலும் இரண்டு பேர், அவர்கள் வீட்டிலும் இரண்டு பேர். எங்கள் மகள் பெங்களூரில், அவர்கள் மகன்கள் பிரான்சில். எந்த விதத்திலும் லாசருக்கு என்னைவிடச் சலுகை கிடையாது.

சரோஜா மாவுச் சட்டியையும் தோசைக்கல்லையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டுத் தோசையோடு திரும்பினாள். கூடவே ஒரு செய்தியும் வந்தது. பால் காய்ச்சி இறக்கிய பின்னால் அந்த அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டைக்கூட லாசர் அண்ணன் வீணாக்குவதில்லையாம். அதன்மேல் குடிக்கிற தண்ணீரை வைத்துவிடுகிறாராம்.

லாசரின் கேஸில் வெந்த தோசையைச் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. அது தனி வயிற்றெரிச்சல்.

எனக்குக் கீழே யாரும் இல்லை

என் ஓய்வூதியக் கோப்பு மேசை மேசையாக அலைந்த கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய சக ஊழியர் ஒருவர் கூப்பிட்டார். "நீ வீட்லயும் சூப்ரண்டாத்தான் இருக்கியா?" என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

நான் வேலை பார்த்தது அரசுக் கொள்முதல் பிரிவில், சூப்பரிண்டெண்டெண்டாக. குண்டூசியிலிருந்து பீரோ வரை எதை வாங்கினாலும் என் கையெழுத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆண்டுதோறும் நிதியாண்டு முடிகிற சமயத்தில் மேலிடத்திலிருந்து சிக்கன நடவடிக்கை என்று ஒரு சுற்றறிக்கை வரும். அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்தவும், காகிதத்தின் இரு பக்கங்களையும் பயன்படுத்தவும் என்று. எல்லோரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு மின்விசிறியை ஓடவிட்டுப் போவார்கள். பின்னால் போய் நிறுத்துகிறவன் நான்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் எனக்குக் கீழே யாரும் இல்லை. சரோஜா இருந்தாள். அவள் எனக்குக் கீழே என்று நான் நினைத்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யாராவது ஒருவர் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

வீட்டுச் செலவைக் குறைப்பது என் பொறுப்பு என்று நானே அறிவித்துக்கொண்டேன். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகள் ஒரு வலைப்பைக்குள் போயின. தீர்ந்த பற்பசைக் குழாயின் வயிற்றைக் கத்தரித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டினோம். காற்றோட்டம் இருந்தால் மின்சாரம் குறையும் என்று ஃபிரிட்ஜை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கடைகளைக் கட்டுகிற நேரமாகப் பார்த்துக் காய்கறி வாங்கினேன். பேப்பர்க்காரரை நிறுத்திவிட்டு, தினமும் மத்தியானம் பஸ் ஏறி நூலகத்துக்குப் போய் எல்லா நாளிதழ்களையும் படித்துவிட்டு வந்தேன். பஸ் செலவைக் கழித்தால் இதில் என்ன மிச்சம் என்று சரோஜா ஒருமுறை கேட்டாள். மறுநாளிலிருந்து நடந்து போக ஆரம்பித்தேன்.

நான் சொன்னதை எல்லாம் சரோஜா ரேடியோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டாள். ரேடியோ சொல்கிறது என்பதற்காக யாரும் எழுந்து போய் எதையும் செய்வதில்லை.

உதாரணம் ஒன்று சொல்கிறேன். பருப்பை ஊறவைத்து வேகவிட்டால் கேஸ் மிச்சம் என்று வருஷக்கணக்கில் சொல்லி வந்தேன். பருப்பு ஊறவில்லை. ஒருநாள் காலை லாசர் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி அதையே சொன்னார். அன்று சாயங்காலமே பருப்பு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. "லாசர் அண்ணன் சொன்னாரு," என்று எனக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது.

ஆக, எனக்கு வேண்டியிருந்தது காசு அல்ல. மிச்சம் பிடித்த காசை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன நோணாங்குப்பத்தில் சொந்தமாகப் படகா விடப்போகிறோம்? என் ஆசை சிறியது. சரோஜா ஒரே ஒரு முறை, சிக்கன விஷயத்தில், "எங்க வீட்டுக்காரர் செஞ்சதுதான் சரி" என்று சொல்லவேண்டும். முடிந்தால் லாசரின் காதுபட.

வரிசை நீளமாக இருந்த நாள்

லாசர் யார் என்று சொல்லவேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். லாசர் ஒரு சொல்தா. மாதா மாதம் ஓய்வூதியம் யூரோவில் வருகிறது. எனக்கு ரூபாயில் வருகிறது. இருவருமே ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடிருக்கிறோம் என்று சான்று காட்டவேண்டும். உயிர் ஒன்றுதான். அவருடைய உயிருக்கு மாற்று விகிதம் வேறு.

இதற்குள் ஒரு பழைய கதை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, வேண்டுமானால் நீங்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம், வந்து எழுதிக்கொடுங்கள் என்று ஊர்க்காரர்களுக்குக் கொஞ்ச காலம் அவகாசம் கொடுத்தார்கள். நான் அப்போது அரைக்கால் சட்டை. லாசரின் அப்பா போய் எழுதிக்கொடுத்தார். என் அப்பாவும் போனார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, வரிசை தெருமுனை வரை நின்றது. நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிட்டார். அவருக்கு நாளை என்பது எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

பிற்காலத்தில் நான் எந்த வரிசையிலும் கடைசிவரை நிற்கிறவனாக ஆனேன். ஒன்றும் கிடைக்காத வரிசைகளில்கூட நின்றிருக்கிறேன்.

யூரோ வாங்குகிற மனிதர் தாராளமாகச் செலவு செய்தால் எனக்கு ஒன்றுமில்லை. இதுவும் பணக்காரப் புத்தி என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பணமும் அவரிடம், சிக்கனமும் அவரிடம் என்றால் மற்றவர்களுக்கு என்னதான் மிச்சம்? ஏழை பாழை வைத்திருந்த ஒரே பெருமையிலும் வந்து பங்கு கேட்கிறார்.

முந்தின நாள் ரொட்டியை முட்டையிலும் பாலிலும் நனைத்துப் பொரித்துக் காலை உணவாக்குவார். அரிசி கழுவிய தண்ணீர் அவர் வீட்டு ரோஜாவுக்குப் போகும். வெயில் ஏறுவதற்குள் சன்னல்களைச் சாத்திவிட்டு, சாயங்காலக் காற்றுக்குத் திறந்துவிடுவார். பகலில் அவர் வீட்டில் மின்விசிறி சுற்றி யாரும் பார்த்ததில்லை. மதிலோரம் நின்று சரோஜா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவாள். வரும்போது அவள் முகத்தில் இருக்கும் மரியாதையை நான் என் பிரிவுபசார விழாவில்கூடப் பார்த்ததில்லை.

பொன்னாடைக்குள் பருப்பு

லாசரின் பெரிய ஆயுதம் ஒரு பானை. மார்மித் என்பார். பட்டாளத்தில் கற்றது. பருப்பையோ கறியையோ ஒரு கொதி நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடிய பானையை அப்படியே பழைய கம்பளிக்குள் சுற்றி மரப்பெட்டியில் வைத்துவிடுவார். மத்தியானம் எடுத்தால் பூப்போல வெந்திருக்கும். இந்தப் பானையைப் பார்க்கத் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்துபோனார்கள். சரோஜா இரண்டு முறை போனாள்.

இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மீன்கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். வெயிலில் வைத்து மீன் வாசனையை ஓரளவு போக்கினேன். கம்பளிக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் கம்பளிக்கு வேலையே இல்லை. அலமாரியில் என் ஓய்வு நாளன்று போர்த்திய பொன்னாடைகள் மடித்து மடித்து இருந்தன. நாலு பொன்னாடை சேர்ந்தால் ஒரு கம்பளிக்குச் சமம் என்று கணித்தேன்.

சரோஜா கோயிலுக்குப் போயிருந்த காலையில் பருப்பைக் கொதிக்கவைத்து இறக்கி, பொன்னாடைகளால் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். வாசலில் உட்கார்ந்து அவள் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் நானே பெட்டியைத் திறந்தேன்.

பொன்னாடை என்று பெயரே தவிர அவற்றில் பட்டும் இல்லை, பொன்னும் இல்லை. சுத்த நைலான். முதல் பொன்னாடை உருகிப் பானையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 'அன்புடன் அலுவலக நண்பர்கள்' என்ற அச்செழுத்து பானையின் வயிற்றில் தலைகீழாகப் பதிந்திருந்தது. உள்ளே பருப்பு கல் மாதிரி கிடந்தது.

சரோஜா பானையைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக லாசர் வீட்டுக்குப் போனாள், இதை எப்படிச் சுரண்டி எடுப்பது என்று கேட்பதற்கு.

விடுமுறை

சுதந்திர தினத்துக்கு மறுநாள், பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சட்டப்படி ஒப்படைத்த நாள் என்று எங்கள் ஊருக்கு மட்டும் தனியாக ஒரு விடுமுறை உண்டு. வேலையில் இருந்தவரை அதை நான் மறந்ததே இல்லை. ஓய்வு பெற்றபின் எல்லா நாளும் ஒன்றாகிவிட்டதால் மறந்துபோனேன். நூலகம் வரை நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, வேர்க்க வேர்க்கத் திரும்பி வந்தேன். யாரும் எதிர்பாராத மத்தியான நேரத்தில் என் வீட்டுக்குள் நான் நுழைந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

வாசலிலேயே காற்று முகத்தில் அடித்தது. கூடத்து மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. டி.வி.யில் சீரியல். என் நாற்காலியில் தெரேஸ் உட்கார்ந்து, எங்கள் இணைய இணைப்பில், பிரான்சில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சுவரோரம் அவர்களுடைய இன்னொரு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மேசைமேல் எங்கள் இஸ்திரிப் பெட்டி. அதன் பக்கத்தில் கஞ்சி போட்டு மடமடவென்று தேய்த்து அடுக்கிய சட்டைகள். அந்தக் கோடு போட்ட சட்டைகளை நான் நன்றாக அறிவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லாசர் போட்டுக்கொண்டு போகிறவை.

சமையலறையில் குக்கர் விசிலடித்தது.

"என்ன வேகுது?" என்று சரோஜாவிடம் கேட்டேன்.

"கொண்டக்கடல. கீழ நமக்கு, மேல அண்ணனுக்கு. அக்கா எடுத்துட்டு வந்துச்சு. எப்படியும் குக்கர் வெக்கிறோம், ஒரு கிண்ணம் கூட வெச்சா என்னா?"

தெரேஸ் மகனிடம் சற்று இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க, காப்பி குடிக்கிறீங்களா?"

என் வீட்டில், என் நாற்காலியிலிருந்து, எனக்கு.

லாசர் வீட்டுச் சிக்கனம் எங்கே நடக்கிறது என்று அன்று எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் நடந்தது.

சாயங்காலம் தெரேஸ் சட்டைகளோடும் கொண்டைக்கடலையோடும் போன பிறகு சரோஜாவிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தவேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு என் பக்கம் நியாயம் இருந்தது.

"அவங்க வீட்டு கரண்டு பில்லு நம்ம வீட்ல ஏறுது. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மத்தியானமானா நீங்க லைப்ரரிக்குப் போயிடுறீங்க. நான் யார்கூடப் பேசுறது? குக்கர்கூடவா?"

இதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை. ஆகவே நான் புது விதிகள் போட்டேன்.

விதிப்படி வேலை

மத்தியானம் கூடத்தில் மின்விசிறியும் டி.வி.யும் கிடையாது. ஓய்வெடுக்க விரும்புகிறவர்கள் படுக்கையறையில் ஓய்வெடுக்கலாம். இஸ்திரி ஞாயிறு காலை மட்டும். குக்கர் காலையில் ஒரே தடவை. இணையப் பெட்டி நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் ஓடும். இந்தக் கடைசி விதியில் ஓட்டை இருக்கக்கூடாது என்பதற்காக அதன் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நூலகம் போனேன்.

முதல்நாள் தெரேஸ் வந்திருக்கிறார். புழுக்கத்தில் முந்தானையால் விசிறிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். போனைப் பார்த்திருக்கிறார். சுவரில் பிளக் இல்லாமல் வெறுமனே கிடந்த துளைகளைப் பார்த்திருக்கிறார். எழுந்து போய்விட்டாராம். இதை சரோஜா எனக்குச் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. வானிலை அறிக்கை மாதிரி சொன்னாள்.

அடுத்த நாள் நூலகத்திலிருந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. லாசர் ஏதோ சொல்கிறார், இரண்டு பெண்கள் சிரிக்கிறார்கள். அதில் ஒரு சிரிப்பு, மூச்சு முட்டி நடுவில் நின்று மறுபடி தொடங்குகிற சிரிப்பு, எனக்குத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். நான் அதை மறந்துபோகவில்லை. தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

நான் நூலகத்துக்குப் போவதை நிறுத்தினேன். மத்தியானங்களில் கூடத்திலேயே உட்கார்ந்தேன். என் உத்தரவுப்படி எனக்கும் மின்விசிறி கிடையாது. வேர்த்து வடிய அந்தப் பக்கத்துச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படி என்னதான் சொல்கிறார் அந்த மனுஷன் என்று மதிலோரம் போய் நின்றுகூடப் பார்த்தேன். வார்த்தை பிடிபடவில்லை. நடுநடுவே ஒரு பிரெஞ்சுச் சொல் மட்டும் வந்து விழுந்தது.

சரோஜா என்னோடு சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே செய்தாள். பருப்பை ஊறவைத்தாள். அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைத்தாள், நான் உள்ளே இருந்தாலும். அலுவலகத்தில் ஊழியர் சங்கம் கோபமாக இருந்தால் இதைத்தான் செய்யும். விதிப்படி வேலை. கேட்டதற்கு மேல் ஒரு அங்குலம் நகரமாட்டார்கள். நிர்வாகத்தால் ஒரு நடவடிக்கையும் எடுக்கமுடியாது.

சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் மின் கட்டணம் இறங்கியது. சிலிண்டர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

நாலாவது ஆள்

ஒரு மத்தியானம் மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு தரையில் உருளும் சத்தம் கேட்டது. யாரோ ஆட்டிப் பார்க்கிறார்கள். நிமிர்த்துகிறார்கள். மறுபடி சாய்க்கிறார்கள். அந்தச் சத்தத்தின் பொருளை என்னைவிட நன்றாக யார் அறிவார்? லாசர் வீட்டு சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

எங்களுக்குப் புது சிலிண்டர் வந்து ஒரு மாசம் கழித்து மாட்டியது அது. எங்களுடையதற்கு முன்னால் தீர்ந்துவிட்டது.

சட்டையை மாற்றிக்கொண்டேன். விதிப்படி இணையப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். தலைகூட வாரினேன் என்று நினைவு. என்றுமில்லாத வேகத்தில் லாசர் வீட்டுப் படியேறினேன்.

உள்ளே சன்னல்கள் எல்லாம் சாத்தி, ஈரத்துண்டு தொங்கவிட்டு, நல்ல இருட்டு. கண் பழகியதும் பார்த்தேன். மூன்று பேரும் ஒரு சின்ன மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சரோஜாவின் கையில் சீட்டுக்கட்டு, விசிறி மாதிரி விரித்துப் பிடித்திருந்தாள். லாசர் அவளுக்கு பெலோத் என்கிற பிரெஞ்சுச் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் சீட்டைப் பிடித்து நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் புதிதாகவும் தெரியவில்லை.

"சிலிண்டர் தீந்துடுச்சா?" என்றேன். குரலில் வருத்தம் தெரியட்டும் என்று முயன்றேன்.

"தீந்துபோச்சு சூப்ரண்டு," என்றார் லாசர். "இந்தத் தடவ என்னான்னே தெரியல. கரண்டு பில்லும் ஏறிக் கெடக்கு. உங்களுது?"

"ஓடுது. இன்னும் ஒரு பத்து இருவது நாளு வரும்போல. கரண்டும் நல்லாவே கொறஞ்சிருக்கு."

சரோஜா சீட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "பரவாயில்லையே," என்றாள். சொல்லிவிட்டு ஒரு சீட்டைக் கீழே போட்டாள்.

அவ்வளவுதான். இதற்காக எத்தனை வருஷம். லாசரின் காதுபடவே சொல்லியாகிவிட்டது. என் நெஞ்சில் ஏதாவது நிறையும் என்று அந்த இருட்டில் நின்று காத்திருந்தேன். கழுத்தில் வேர்வைதான் இறங்கியது.

லாசர் விடவில்லை. உண்மையான ஆர்வத்தோடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்த மனிதருக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியாது. அதுவும் எனக்கு ஒரு பொறாமை. "எப்புடி செஞ்சீங்க? சொல்லுங்க, நாங்களும் செய்றோம்."

சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். ஃபிரிட்ஜிலிருந்து தொடங்குவதாக உத்தேசம். தெரேஸ் தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த சீட்டுகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

"ஆள் குறைப்பு," என்றேன்.

லாசருக்குப் புரியவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

"நான் வந்தா உங்களுக்குச் செலவுதான சார்," என்றார் தெரேஸ். அதில் கோபம் இல்லை. கணக்குச் சரிபார்க்கிறவர் மாதிரி சொன்னார். "எனக்கே தோணிச்சு. சரோதான் விடல."

சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் வேண்டுமா என்று கேட்கிற பார்வை இல்லை அது. அதை எதிர்கொண்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஓர் உத்தரவை ரத்து செய்யவேண்டுமானால், அதைப் போட்ட அதிகாரியோ அவருக்கு மேலே உள்ளவரோதான் செய்யவேண்டும். மேலே உள்ளவர் சீட்டை விரித்துப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆர்டர் கேன்சல்மா," என்று தெரேசிடம் சொன்னேன். "இங்க இருட்டுல சீட்டே தெரியல. எழுந்திரிங்க, நம்ம வீட்ல போயி ஆடலாம்."

"அதுக்கு நாலு பேர் இருந்தாத்தான் சரியா வரும்," என்றார் லாசர். "மூணு பேர வெச்சு இம்புட்டு நாளா சமாளிச்சிட்டிருக்கோம்."

"நான் உக்கார்றேன்."

"உங்களுக்கு ஆடத் தெரியுமா?" என்றாள் சரோஜா.

"விதிமுறைய சொன்னா கத்துக்குவேன்."

அவள் சிரித்தாள். மூச்சு முட்டி, நடுவில் நின்று, மறுபடி தொடங்கி. இந்தத் தடவை மதில் நடுவில் இல்லை.

எங்கள் கூடத்தில் மேசையை இழுத்துப் போட்டோம். நானே மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்த பிளக்கை எடுத்து மாட்டினேன். தெரேஸின் போன் உடனே கிணுகிணுவென்று சத்தம் போட ஆரம்பித்தது, இத்தனை நாள் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாக வந்து விழுவது போல. சரோஜா பால் காய்ச்சி இறக்கிவிட்டுத் தன் சீட்டைப் பார்க்க ஓடிவந்துவிட்டதால், காப்பி கலக்க நான் உள்ளே போனேன்.

எட்டிப் பார்த்தபோது லாசர் எழுந்திருந்தார். சுவரோரம் போய் எங்கள் மின்விசிறியின் வேகத்தை இரண்டு படி குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யார் வீடா இருந்தா என்ன, அண்ணனுக்குக் கை தானா போவுது பாருங்க," என்றாள் சரோஜா, சமையலறைப் பக்கம் எனக்குக் கேட்கும்படி.

எங்கள் வீட்டு ரெகுலேட்டர் பழைய காலத்துப் பெட்டி. அதில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகிற மின்சாரம் அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். கட்டணத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையாது. காற்று மட்டும் குறையும். இதை வரைபடம் போட்டு விளக்க என்னால் முடியும். சமையலறை வாசற்படியில் வந்து நின்று வாயைத் திறந்தேன்.

நான்கு பேருக்கும் சீட்டுப் போட்டிருந்தார்கள். என் இடத்தில் என் சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.

"உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று லாசரைக் கேட்டேன்.

"மூணு ஸ்பூன் போடுங்க சூப்ரண்டு," என்றார். தன் வீட்டில் அவர் ஒரு ஸ்பூனுக்கு மேல் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.